நூறு ரூபாய் பாக்கி

"அண்ணி, ஒரு விஷயம்" என்றான் மாதேஷ்,
தட்டைப் பார்த்தபடி.
மூன்று மாதமாக அந்த ஒரு விஷயத்தை
ரசத்துக்கும் மோருக்கும் நடுவே கொண்டுவந்து
சோற்றோடு விழுங்கிவிட்டுப் போகிறவன்.

இன்றைக்குக் கையில் ஜவுளிக் கடைக் கவர்.
உள்ளே, பிரிக்காத பதினான்கு கடிதங்கள்.
பிரித்துப் பிரித்து மடிப்புக் கிழிந்த
ஒரே ஒரு ஒப்பந்தம்.

ஐந்து ரோட்டில், செல்போன் கடைக்கு மேலே,
இரண்டாவது மாடி.
கடனிலிருந்து விடுதலை என்று போர்டு.
பேங்க்குக்கு ஒரு ரூபா கட்டாதீங்க சார்,
எங்களுக்குக் கட்டுங்க, நாங்க பேசிக்கிறோம்.
தெரியாத நம்பரை எடுக்காதீங்க.
எடுக்கவில்லை.
போகப் போகத் தெரிந்த நம்பரையும்.

மூன்று லட்சத்து எண்பத்திரண்டாயிரம்:
ஒரு கார்டு, இரண்டு ஆப்,
குழந்தை இன்குபேட்டரில் இருந்த பத்தொன்பது நாள்.
அதைக் கடன் என்று எழுதக் கை வரவில்லை.
ஆனாலும் எழுதினேன்,
பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.

ஒப்பந்தத்தின் ஏழாம் பக்கம்
கண்ணாடி போட்டாலும் எறும்பு எழுத்து.
சேர்க்கைக் கட்டணம் பதினைந்து சதவீதம்.
திருப்பித் தரப்படமாட்டாது.
அது ஐம்பத்தேழாயிரத்து முந்நூறு.
இவன் கட்டியது மாதம் ஐயாயிரத்து இருநூறு,
பதினோரு மாதம்.
பெருக்கினேன்.
தப்பாக இருக்கும் என்று மறுபடி பெருக்கினேன்.

அத்தனையும் போயிருக்கிறது
அவர்கள் பேசாத பேச்சின் கூலிக்கு.
அதிலும் இன்னும் நூறு ரூபாய் பாக்கி.

சிரித்தான்.
சிரிப்பு பாதியில் வேறொன்றானது.
மோர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போனேன்.
மோர் அவன் பக்கத்திலேயே இருந்தது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு.
மாடி ஏறும்போதே முகத்தில் ஏசி.
ஹேமபிரியா என்று பேட்ஜ் குத்திய பெண்,
இருபத்திரண்டு இருக்கும்.
"சார் மீட்டிங்ல இருக்காரு.
விலகணும்னா மெயில் போடுங்க மேடம், தொண்ணூறு நாள் ஆகும்."

சோபாவில் ஒருவர், கொண்டலாம்பட்டிப் பக்கமாம்.
அவர் மடியிலும் ஒரு ஜவுளிக் கடைக் கவர்.
"நல்லா செஞ்சு தர்றாங்களாங்க?"
மாதேஷ் என்னைப் பார்த்தான். கண்ணாடிக் கதவைப் பார்த்தான்.
வாயைத் திறக்காமல்
பால் நோட்டைக் கடைசிப் பக்கம் திருப்பி
அவர் மடியில் வைத்தான்.

இறங்கும்போது பின்னாலேயே செருப்புச் சத்தம்.
அந்தப் பெண்தான், தண்ணீர் பாட்டிலோடு,
தண்ணீர் பிடிக்க வந்தவள் போல.
"அக்கா, மெயிலெல்லாம் அப்புறம்.
ஆட்டோ டெபிட்ட இன்னைக்கே பேங்க்ல நிறுத்திருங்க.
அஞ்சாம் தேதி எடுத்துருவாங்க."
நன்றி சொல்வதற்குள் ஏறிவிட்டாள்.

சூரமங்கலம் கிளையில்
டோக்கன் நாற்பத்தொன்று.
"பதினோரு மாசமா உங்களுக்காக யாருமே வந்து பேசலீங்களே"
என்றார் அதிகாரி, கோபமில்லாமல்.
அதுதான் தாங்கமுடியவில்லை.
"மாசம் எவ்வளவு முடியும்?"
நான் வாயெடுத்தேன்.
மேஜைக்கடியில் கையமர்த்தினான்.
"நாலாயிரம். நைட் டூட்டியும் பாத்தா நாலரை."
அவன் தொகையை அவனே
சத்தமாகச் சொல்லி நான் கேட்டது முதல்முறை.
சரி என்றும் சொல்லவில்லை அவர், இல்லை என்றும்.
எழுதிக் கொடுங்க, மேலே அனுப்பறேன்.
வட்டி அது பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்,
அவர் பேனாவைத் தேடிக்கொண்டிருந்த நேரத்திலும்.

வெளியே தட்டுவடை செட் வாங்கித் தந்தான்.
"அந்த நூறு ரூபா பாக்கி, அண்ணி?"
"கேட்டு வரட்டும்."
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தியது.

பையில் போன் அதிர்ந்தது.
தெரியாத நம்பர்.
சட்னி விரலைப் பேன்ட்டில் துடைத்தான்,
இரண்டு முறை.
"ஆமாங்க" என்றான்,
"மாதேஷ்தான் பேசறேன்."